கொடிக்காரி வாங்கிய ரோடு ரோலர்

கன்பரா இகுயோவிடம் வழி கேட்டால் வாயால் சொல்லமாட்டாள், கையால் காட்டுவாள். முதுகை லேசாக வளைத்து ஒரு வணக்கம், பிறகு வலது கையை விசிறி ஒரு நீட்டு. கேட்டவர் தன்னை அறியாமல் அந்தப் பக்கம் நடந்துவிடுவார். முப்பது வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. ஜப்பானில் நீகாத்தா மலைப்பக்கத்தில் எங்கே தார் போட்டாலும், குழாய்க்குக் குழி தோண்டினாலும், மஞ்சள் தலைக்கவசத்தோடு சாலை முனையில் நிற்பாள். ஒரு கையில் வெள்ளைக் கொடி, ஒரு கையில் சிவப்புக் கொடி. ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி, மறுபக்கத்து வண்டிகளை விடவேண்டும். விட்ட ஒவ்வொரு வண்டிக்கும் தலை குனியவேண்டும். ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு இடுப்பு வலி இல்லை என்றால் அதற்குக் காரணம் அத்தனை வணக்கங்கள்தான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வேலையில் இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, ஒரு பக்கத்து வண்டிகளை விட்டு நிறுத்தும்போது, கடைசியாகப் போன வண்டி எது என்று பார்த்து மறுமுனைக்கு வயர்லெஸில் சொல்லவேண்டும். "கடைசி வண்டி நீலம், மேல ஏணி கட்டியிருக்கு." அது வந்து சேர்ந்தால்தான் அங்கே நிற்பவன் எதிர்ப்பக்கத்தைத் திறப்பான். இரண்டாவது, மாற்று ஆள் வராமல் நின்ற இடத்தை விட்டு நகரக்கூடாது. ஒருமுறை பனிக்காலத்தில் மாற்று ஆளின் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட, இகுயோ நாலு மணி நேரம் அப்படியே நின்றாள். மேஸ்திரி வந்து பார்த்தபோது தோளில் ஒரு சாண் பனி. "கன்பரா அக்கா, உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டானாம். "மாத்து வந்தாச்சா?" என்று இவள் திருப்பிக் கேட்டாளாம்.

கல்யாணம் ஒன்று நடந்தது. அந்த மனிதர் நாகோயாவுக்குப் போனார், அங்கேயே தங்கிவிட்டார். இகுயோ அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை, அழுவதும் இல்லை. அவளுடைய காதல் வேறு இடத்தில் இருந்தது.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம், தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு அதில் ஏழு இயந்திர மனிதர்கள் வருகிற கார்ட்டூன் தொடர். ஒன்று சிங்கமாக மாறும், ஒன்று ஜெட் விமானமாக மாறும். ஆறாவதான கோரோகான் மட்டும் ரோடு ரோலராக மாறும். மஞ்சள் நிறம், பெரிய உருளை, நத்தை வேகம். மற்றவர்கள் பறந்து போய்ச் சண்டை போடுவார்கள். கோரோகான் கடைசியாக வந்து, உடைந்து கிடக்கும் தெருவைச் சமன் செய்துவிட்டுப் போகும். தாரில் வெந்து திரும்பிய இகுயோ அதைப் பார்த்து, இவ்வளவு பெரிய உலகத்தில் நம்ம ஆள் ஒருத்தன் இருக்கிறானே என்று உருகிப்போனாள். சிங்கத்துக்கும் ஜெட்டுக்கும் பொம்மைகள் வந்தன. ரோடு ரோலரை எந்தக் குழந்தை கேட்கும் என்று கோரோகானுக்கு மட்டும் பொம்மை வரவே இல்லை.

முப்பது வருஷம் கழித்து வந்தது. இருநூறே இருநூறு. டோக்கியோவின் அகிஹபாராவில் ஒரே ஒரு கடையில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஆளுக்கு ஒன்று. மறுபடி செய்யமாட்டார்களாம். செய்தியைப் படித்த அன்றே, பொம்மை வாங்கப் போகவேண்டும் என்று மேஸ்திரியிடம் விடுப்புக் கேட்டாள்.

"யாருக்கு, உங்க அக்கா பையனுக்கா?"

"எனக்கு."

"சும்மா சொல்லாதீங்க. எந்தக் குழந்தைக்கு?"

"எனக்குய்யா! காதுல தார ஊத்தி வச்சிருக்கியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் புல்லட் ரயிலைப் பிடித்து, உவேனோவில் மாறி, எட்டு பத்துக்கு அகிஹபாராவில் இறங்கினாள். கடைகள் கதவு திறக்க இன்னும் நேரம் இருந்தது. கம்பிச் சுருளும் மின்விளக்குத் துண்டுகளும் விற்கும் சந்தில் ஒரு கிழவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். காசு போட்டால் உருண்டை டப்பாவில் பொம்மை தரும் பெட்டிகள் சுவரோடு சுவராக நூறு நின்றன. எதிலும் இகுயோவின் கண் நிற்கவில்லை. மூன்று மாடி இனுகாய் பொம்மைக்கடைக்கு எதிரில் வரிசை ஏற்கெனவே தெருவைச் சுற்றி வளைந்திருந்தது. விற்பனை பத்து மணிக்கு, எட்டு மணிக்கு முன்னால் யாரும் வரிசையில் நிற்கக்கூடாது என்பது கடையின் கட்டளை. கால் மணி நேரத்தில் தொண்ணூறு பேர். எல்லாரும் எந்த மூலையில் ஒளிந்திருந்தார்களோ தெரியாது.

அவளுக்கு முன்னால் நின்றவன் பச்சை முதுகுப்பை போட்டிருந்தான், அதில் ஆமைப் படம். அவளுக்குப் பின்னால் சோனோகா என்று ஒரு இளம்பெண், ஊதா முடி, பல் மருத்துவமனையில் வேலை. அதற்குப் பின்னால் கமோஷிடா. நாற்பத்தைந்து வயது, தொப்பை, வீட்டில் எண்ணூறு பொம்மை வைத்திருக்கிறாராம், ஒன்றைக்கூடப் பெட்டியை விட்டு வெளியே எடுத்ததில்லையாம்.

"அப்ப எப்படி விளையாடுவீங்க?" என்றாள் இகுயோ.

"விளையாடவா?" கமோஷிடா அவளைத் திருடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பிரிச்சா மதிப்பு போயிடும்மா!"

எட்டரைக்கு ஒலிபெருக்கியோடு கடைப் பணியாளர் நிஷிகோரி வந்தார். சந்தின் வாய்க்குச் சரக்கு லாரி வரவேண்டும், வரிசை வழியை அடைக்கக்கூடாது. வரிசையைப் பச்சைப் பைக்காரனோடு வெட்டி, அவன் வரைக்கும் நின்றவர்களைச் சந்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனார். இந்தப் பக்கத்தின் முதல் ஆளாக இகுயோ நின்றாள். அவள் கையில் ஒரு அட்டையைக் கொடுத்தார். 'இது வரிசையின் நடுப்பகுதி' என்று எழுதியிருந்தது. வரிசை இரண்டாக வெட்டப்பட்டால், வெட்டின இடத்தில் நிற்பவர் அதைப் பிடித்துக்கொள்வது அங்கே வழக்கம்.

"மேடம், நான் வந்து கூப்பிடற வரைக்கும் இங்கயே நில்லுங்க."

இதை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. இகுயோவிடம் சொல்லிவிட்டார். அவள் கால்களைச் சேர்த்து, அட்டையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, "சரி!" என்றாள். அந்தக் குரலுக்குச் சந்தில் இருந்த புறாக்கள் பறந்தன.

லாரி வந்தது, போனது. ஒன்பது மணி ஆயிற்று. பின்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் நிற்பவர் தன் கையில் இருந்த 'வரிசையின் வால்' அட்டையை அடுத்து வருபவரிடம் கொடுத்துக் குனிந்தார். இகுயோ பழக்க தோஷத்தில் ஆட்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். தன்னோடு சேர்த்து அறுபத்திரண்டு. பச்சைப் பை சந்துக்கு அந்தப் பக்கம் மூலை திரும்பி மறைந்தது. பத்து மணி அடித்தது. நிஷிகோரி வரவில்லை.

"நாமளே போயிடலாம்மா" என்றார் கமோஷிடா.

"வந்து கூப்பிடறேன்னு சொல்லியிருக்காரு."

"மறந்திருப்பான்!"

"மாத்து வராம நகரக்கூடாது."

"என்ன மாத்து? ஏம்மா, இது என்ன ராணுவமா?"

சோனோகா கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் முகம் வெளுத்து நிமிர்ந்தாள். "அக்கா... ஆளுங்க வாங்கிட்டு போட்டோ போட ஆரம்பிச்சுட்டாங்க. மூலைக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு வால் முளைச்சிருக்காம். பச்சைப் பைக்குப் பின்னாலயே எல்லாரும் போய் நிக்கறாங்க."

இகுயோ கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து இருபத்தைந்து. முப்பது வருஷத்தில் அவள் நிறுத்திய வண்டி எதுவும் அவளால் நஷ்டப்பட்டதில்லை. இன்றைக்கு அறுபத்தோரு பேரை ஒரு அட்டையைக் காட்டி நிறுத்தி வைத்திருந்தாள், அவர்கள் வாங்கவேண்டியதை வேறு யாரோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். தன் கோரோகான் போகிறதே என்ற வலி ஒரு பக்கம். அதைவிட, இத்தனை பேரும் தன்னை நம்பி நின்றார்களே என்ற வெட்கம் பிடுங்கித் தின்றது.

எல்லாரையும் கிளப்பிக்கொண்டு ஓடலாம். ஆனால் சந்தில் இன்னும் இரண்டு லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. அறுபது பேர் குறுக்கே பாய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். யாராவது ஒருவர் போய்ச் சொல்லவேண்டும். போகிறவர் வரிசையை விட்டு விலகுகிறார், விலகினவர் மறுபடி வாலில்தான் சேரவேண்டும். கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. நான் போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்?

இகுயோ அட்டையைக் கமோஷிடாவிடம் நீட்டினாள்.

"நீங்கதான் மாத்து. நான் வந்து சொல்ற வரைக்கும் யாரையும் நகர விடக்கூடாது."

"நானா? ஏம்மா, நீ போனா உன் இடம்..."

"பிடிங்க!"

அவர் பிடித்துக்கொண்டார். பிடித்த கையோடு கால்களையும் சேர்த்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

கடைக்குள் பச்சைப் பைக்காரன் அப்போதுதான் கல்லாவில் பெட்டியை வாங்கிக்கொண்டிருந்தான். இகுயோ முதலாளி இனுகாய் முன்னால் போய் நின்றாள். அழவில்லை, கத்தவில்லை. வயர்லெஸில் சொல்வதுபோலச் சொன்னாள்.

"எட்டு முப்பது. சந்தோட தெற்கு முனையில வரிசைய வெட்டுனீங்க. கடைசியாப் போனது பச்சைப் பை, ஆமைப் படம், இதோ இவரு. அவருக்குப் பின்னால அறுபத்திரண்டு பேரு நிக்கறோம். உங்க ஆளு வந்து கூப்பிடறேன்னாரு, வரல. இப்ப மணி பத்து இருபத்தெட்டு."

மாடியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நிஷிகோரி படிக்கட்டில் எட்டிப் பார்த்து, இகுயோவைக் கண்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முதலாளி வேறு வேலைக்குக் கூப்பிட்டதில் சுத்தமாக மறந்திருந்தார். இனுகாய் இரண்டாக மடிந்து மன்னிப்புக் கேட்டு, விற்பனையை நிறுத்தினார். மிச்சம் எத்தனை என்று எண்ணினார்கள். நூற்றுப்பத்து.

மூலையில் முளைத்த புது வரிசையில் ஐம்பத்தைந்து பேர். சந்துக்கு அப்பால் அறுபத்திரண்டு. மொத்தம் நூற்றுப்பதினேழு. ஏழு பேருக்கு இல்லை.

"எங்க தப்பு எதுவும் இல்லையே, இங்கயும் கடை ஆளு ஒருத்தர் வால் அட்டை குடுத்தாரே" என்றான் புது வரிசையின் முதல் ஆள். அவன் சொன்னதும் நியாயம்தான். இனுகாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். என்ன செய்வதென்று அவருக்குப் புரியவில்லை.

இகுயோவுக்குப் புரிந்தது. இரண்டு பக்கத்து வண்டிகளை ஒரே பாதையில் விடுவதுதானே அவள் தொழில்.

"முதல்ல எங்க ஆளுங்களக் கூட்டிட்டு வர்றேன்" என்று சந்தின் நடுவில் போய் நின்றாள். கொடி இல்லை, தலைக்கவசம் இல்லை. கையை உயர்த்தினாள். உறுமிக்கொண்டு வந்த லாரி நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டித் திட்ட ஆரம்பித்தவர், அவள் வைத்த வணக்கத்தைப் பார்த்துத் தானும் குனிந்துவிட்டார். "ரெண்டு ரெண்டு பேரா வாங்க! ஓடாதீங்க! பையை முன்னால போட்டுக்குங்க!" கமோஷிடா அட்டையை உயர்த்திப் பிடித்தபடி முன்னால் வர, பின்னால் ஊதா முடியும் கோட்டும் சூட்டுமாக அறுபது பேர் சந்தைக் கடந்தார்கள்.

பிறகு இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் அவங்கவங்க வந்த நேரத்தச் சொல்லுங்க. முன்னால வந்தவங்க முன்னால. நேரம் உங்க மனசுக்குத் தெரியும், நான் கேக்கமாட்டேன்."

முதலில் சோனோகா கையைத் தூக்கினாள். "எட்டு பதினெட்டு!" "எட்டு இருபது!" என்றார் கமோஷிடா. "எட்டு இருபத்தாறு!" "எட்டு முப்பத்து மூணு!" இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இகுயோவின் கை விசிறிய பக்கம் எல்லாரும் நகர்ந்தார்கள். ஒரே நிமிஷத்தைச் சொன்ன இருவர் நீங்க முதல்ல, இல்ல நீங்க முதல்ல என்று குனிந்துகொண்டே இருந்ததில் நேரம் வீணாயிற்று. "ரெண்டு பேரும் சீட்டுக்கட்டு ஆட வந்தீங்களா, நகருங்க!" என்று இகுயோ விரட்டினாள்.

ஒரு சூட்டுக்காரர் "ஒன்பது பதினாலு" என்று நடுவில் நுழைந்தார். பத்து பேர் கடந்ததும் வெளியே வந்தார். காது சிவந்திருந்தது. "மன்னிக்கணும். ஒன்பது நாற்பத்தொண்ணு. டீ வாங்கப் போனத மறந்துட்டேன்." அவர் பின்னால் போய் நின்றார். அந்த இடத்தில் நின்றால் தனக்குக் கிடைக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நூற்றுப்பதினாறு பேர் வரிசையில் நின்றதும், இகுயோ கைகளைத் துடைத்துக்கொண்டு நேராக வாலுக்கு நடந்தாள். சூட்டுக்காரருக்கும் பின்னால் போய் நின்றாள்.

"அக்கா! எங்க போறீங்க?" சோனோகா கத்தினாள். "நீங்க எட்டேகால்!"

"நான் வரிசைய விட்டு விலகிட்டேன். போர்டுல போட்டிருக்கு."

"அய்யோ, அந்த போர்டு..."

"விதி விதிதான். போய் வாங்கிட்டு வாங்க." சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. முப்பது வருஷம் காத்திருந்த பொம்மை கடைக்குள்ளே அடுக்கி இருக்கிறது.

அப்போது கமோஷிடா வரிசையிலிருந்தபடியே அட்டையைத் தலைக்கு மேல் ஆட்டினார்.

"ஏம்மா! நீ விலகல! மாத்தி விட்டுட்டுப் போன! என்னை நிக்க வச்சுட்டுத்தானே போன? உன் வேலையில மாத்து ஆள் வந்து நின்னா, போனவள ஓடிட்டான்னு சொல்லுவாங்களா? சொல்லு!"

இகுயோ யோசித்தாள். சொல்லமாட்டார்கள் என்பதுதான் உண்மை.

"அப்ப உன் நேரத்தச் சொல்லு!"

அவள் வாயைத் திறப்பதற்குள் சோனோகா, "எட்டேகால்!" என்றாள். லாரியை நிறுத்திக் கூட்டி வந்தாளே அந்த அறுபது பேரும் "எட்டேகால்!" என்றார்கள். நியாயம் பேசிய புது வரிசைக்காரனும் சொன்னான். கடைசியில் நின்ற, கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்த ஏழு பேரும் சொன்னார்கள், சூட்டுக்காரர் எல்லாரையும்விடச் சத்தமாக. நூற்றுப்பதினாறு பேர் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார்கள். இகுயோ இத்தனை வருஷத்தில் எத்தனையோ லட்சம் பேருக்கு வழி விட்டிருக்கிறாள், அவளுக்கு யாரும் விட்டதில்லை. எப்படி நடப்பது என்றே தெரியாமல், இரண்டு பக்கமும் குனிந்து குனிந்து, கண்ணீரும் சிரிப்புமாகக் கல்லாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். இனுகாய் இரண்டு கையாலும் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

கடைசிப் பெட்டி விற்றபோது மணி பன்னிரண்டு. ஏழு பேர் வெறுங்கையோடு குனிந்துவிட்டுக் கிளம்பினார்கள். இகுயோ அவர்கள் பின்னாலேயே போனாள்.

"எங்க ஓடறீங்க? ஒரு மணிக்குப் பெரிய ரோட்டுக்கு வாங்க. ஏழு பேரும் வரணும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்குப் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்தி, ஜனங்களை நடக்க விடுவார்கள். போலீஸ்காரர்கள் தடுப்புகளை இழுத்து வைத்தார்கள். பக்கத்துக் கடையில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வந்த இகுயோ, தடுப்பு வைத்த அழகைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். ஆனாலும் வாயை அடக்கிக்கொண்டாள், இன்றைக்கு விடுமுறை. ஏழு பேரும் வந்திருந்தார்கள். கூடவே சோனோகா, கமோஷிடா, இன்னும் முப்பது நாற்பது பேர். தலை நிமிராமல் நிஷிகோரியும் வந்து நின்றார். "அட, எல்லார்க்கும் ஒரு நாள் மறக்கும்பா" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

பிறகு நடுச்சாலையில் மண்டியிட்டுப் பெட்டியின் ஒட்டுத்தாளில் நகத்தை வைத்தாள்.

"அம்மா! வேண்டாம்!" கமோஷிடா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இருநூறுல ஒண்ணும்மா! பிரிச்சா போச்சு!"

சர்ரென்று கிழித்தாள். கமோஷிடா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். ஆனால் ஒரு விரலிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கோரோகான் மஞ்சளாக வெளியே வந்தான். கால்களை மடக்கி, கைகளை உள்ளே தள்ளி, கழுத்தை ஒரு திருகு திருகினாள். ரோடு ரோலர் ஆனான். உருளை சுத்த இரும்பு, நல்ல கனம். "ஒன்பது நாற்பத்தொண்ணு, நீங்கதான் முதல்ல!" என்றாள். சூட்டுக்காரர் கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, முழங்காலில் இறங்கி, டோக்கியோவின் அகலமான சாலையில் ஐந்தடி தூரம் உருட்டினார். உருளை கரகரவென்று பேசிக்கொண்டு போயிற்று. அவர் வாயெல்லாம் பல். ஏழு பேரும் ஆளுக்கு ஒருமுறை உருட்டினார்கள். கூட்டம் ஒவ்வொரு முறையும் கைதட்டியது. தடுப்புக்கு அருகில் நின்ற போலீஸ்காரர் வந்து, என்ன விஷயம் என்று கேட்டுவிட்டு, தானும் ஒருமுறை உருட்டினார்.

கடைசியாக இகுயோவின் முறை. கன்னம் தரையில் படும்படி குனிந்து, ஒரு கண்ணை மூடி, உருளை போகிற போக்கைப் பார்த்தபடி மெதுவாகத் தள்ளினாள். நடுவில் ஓரிடத்தில் கோரோகான் குலுங்கினான். அங்கேயே நிறுத்தி, உள்ளங்கையால் தாரைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க சரியா அமுக்கல" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "எவன் போட்ட ரோடோ!"

பிறகு அந்த இடத்தின் மேல் கோரோகானை இன்னும் இரண்டு தடவை அழுத்தி உருட்டினாள்.